வாயால் வரும் உத்தரவும் குறிப்புத் தாளும்: அரசுப் பணியில் அறச்சிக்கல் எங்கே வருகிறது?

கேள்வி இதுதான்: "யுபிஎஸ்சி தேர்வின் அறவியல் தாளுக்குப் படிக்கிறேன். நேர்மை, நடுநிலை, பரிவு, பொறுப்புடைமை என்று பட்டியல் எல்லாம் மனப்பாடம். ஆனால் நிஜ வேலையில் மேலதிகாரி வாயால் ஒரு தப்பான காரியத்தைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது? விதி ஒன்று சொல்லி மனசு வேறு சொன்னால் எதைக் கேட்பது? இந்த விழுமியங்கள் உண்மையில் உதவுகின்றனவா?"

முதலில் லஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். வாங்குவதா வேண்டாமா என்பதில் அறச்சிக்கல் எதுவும் கிடையாது. எது சரி என்று வாங்குகிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். அதற்கு 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சிக்கல் என்று சொல்லத்தக்கது, இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும்போது வருகிறது. அல்லது சரி எது என்று தெரிந்தும் அதைச் செய்ய உங்களுக்குப் பாதி அதிகாரம்தான் இருக்கும்போது வருகிறது. வருவாய்த் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே கேள்வியாக வந்து நிற்கும். கோப்பில் என்ன எழுதுவது?

ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வாய்க்கால் புறம்போக்கு ஒன்றை நத்தமாக, அதாவது குடியிருப்பு நிலமாக, வகைப்பாடு மாற்றிப் பட்டா கொடுக்க வேண்டும் என்று கோரிக்கை. கேட்டவருக்குச் செல்வாக்கு உண்டு. பிரிவு எழுத்தராக இருந்த பெண் வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. கோப்பில் கருத்தையும் உத்தரவையும் எழுதும் குறிப்புத் தாளில், கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் பார்த்து அவர் எழுதியது இரண்டே வரி. மேற்படி புல எண் 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு எனத் தாக்கலாகியுள்ளது. நீர்வழி ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு என்பதால் கோரிக்கையை ஏற்க இயலாது. கோப்பு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"ஏம்மா, நான் சொன்னது என்ன, நீ எழுதியிருக்கிறது என்ன?"

"ஐயா, 'அ' பதிவேட்டில வாய்க்கால்னுதான் இருக்குங்கய்யா."

"அது எனக்கும் தெரியும். மேலேர்ந்து போன் வந்துக்கிட்டே இருக்கு. அந்தத் தாளை எடுத்துட்டு வேற எழுதிக் கொண்டா."

"தாளுக்கு நம்பர் போட்டாச்சுங்கய்யா. ஐயா கீழே உங்க உத்தரவை எழுதிடுங்க. அதன்படி ஆணை தயார் பண்ணி வைக்கிறேன்."

அந்தக் கோப்பு பல நாள் மேசையிலேயே கிடந்தது. ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு குறிப்பு விழுந்தது. பேசினார்கள். மறுபடியும் 'பேசவும்'. கீழே உத்தரவு மட்டும் எழுதப்படவே இல்லை. பட்டாவும் போகவில்லை. அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அதுவும் உண்மை.

இதில் அவர் செய்ததைக் கவனியுங்கள். எதிர்த்துப் பேசவில்லை. மரியாதை குறையவில்லை. மேலதிகாரியின் அதிகாரத்தில் கைவைக்கவும் இல்லை. தன் குறிப்பைத் தள்ளிவிட்டு வேறு உத்தரவு போட அவருக்கு முழு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார். அந்த உத்தரவு யாருடையதோ அவர் பெயரில் அது இருக்கட்டும் என்பதை மட்டும்தான் விட்டுக்கொடுக்கவில்லை. தப்பான உத்தரவுகளில் பெரும்பகுதி எழுத்தில் வரச் சொன்னவுடன் அப்படியே நின்றுவிடுகிறது. சொல்கிறவருக்கே அது தப்பு என்று தெரியும், அதனால்தான் அது வாயால் வருகிறது.

இது ஒரு தனி மனுஷியின் சாமர்த்தியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அகில இந்தியப் பணிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் வாயால் சொன்னால், கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்குவது கீழே இருப்பவரின் கடமை. அப்படி உறுதிப்படுத்தித் தருவது மேலே இருப்பவரின் கடமை. 'கேட்டு வாங்கலாம்' என்று சலுகையாகச் சொல்லாமல் 'வாங்க வேண்டும்' என்று விதித்திருக்கிறார்கள். 1960-களில் ஊழல் தடுப்புக்காக கே. சந்தானம் தலைமையில் அமைந்த குழுவும் இதே கவலையைப் பேசியது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வாய்மொழி உத்தரவுகளின் பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது, வரும் உத்தரவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று சொன்னது. பதிவு இல்லாவிட்டால் மக்களுக்குத் தகவல் அறியும் உரிமை இருந்தும் பயனில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. இடமாற்றங்களைப் பரிந்துரைக்க குடிமைப் பணிகள் வாரியம், ஒரு பதவியில் குறைந்தபட்சக் காலம் ஆகியவையும் அதே தீர்ப்பில்தான் வந்தன.

வாய்மொழி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் பெரிய சாட்சியம் நெருக்கடி நிலை. 1975 ஜூன் 25 இரவு டெல்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் பத்திரிகை வரக் கூடாது என்பதற்காக. அந்த உத்தரவு வாய்மொழியாகத்தான் போனது. அப்புறம் நடந்த கைதுகளில் காவல் ஆணைகள் பின்னால் தயாரிக்கப்பட்டு முன்தேதி போடப்பட்டதையும், காரணங்களைப் படிக்காமலே கையெழுத்திட்டதையும் 1977-இல் அமைக்கப்பட்ட ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் இல்லை. நன்றாகப் படித்து, தேர்வில் ஜெயித்து வந்தவர்கள். ஒருவராவது "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் மின்சாரம் போயிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு இரவாவது தாமதமாகியிருக்கும். அந்த இரவுக்கு மதிப்பு உண்டு.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 10 அன்று, அதிகாரிகளுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதாடிய சர்தார் படேல், என் செயலாளர் என் கருத்துக்கு எதிராகவே குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தை என் செயலாளர்கள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன் என்ற பொருளில் பேசினார். அந்தப் பாதுகாப்பு பிறகு 311-ஆவது பிரிவாக வந்தது. விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது, நியமித்தவருக்குக் கீழ்நிலையில் உள்ளவர் நீக்க முடியாது என்பவை அதன் சாரம். அதாவது இந்த வேலைக்குக் கிடைக்கும் நிரந்தரம், வாழ்க்கையில் செட்டிலாவதற்காகக் கொடுத்தது கிடையாது. மாற்றுக் கருத்தை எழுதுவதற்காகக் கொடுத்தது. அதை எழுதாமல் சம்பளம் மட்டும் வாங்குகிறவர், கொடுத்த காரணத்தை மறந்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

சரி, எழுத்தில் வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது?

இங்கே இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். உத்தரவு சட்டப்படியானது, ஆனால் உங்களுக்குப் பிடிக்கவில்லை அல்லது மோசமான கொள்கை என்று நினைக்கிறீர்கள் என்றால், உங்கள் கருத்தை ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டு, முடிவு வந்தபின் அதை முழு மனதோடு நிறைவேற்ற வேண்டும். அமைச்சரை மக்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டுமென்றே கோப்பை இழுத்தடித்துத் தோற்கடிப்பது மனசாட்சி ஆகாது, அது மக்கள் தீர்ப்புக்குச் செய்யும் துரோகம். உத்தரவு சட்டவிரோதமானது என்றால் கதை வேறு. மேலே சொன்னார்கள், செய்தேன் என்பது குற்ற வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. அங்கே மறுக்கத்தான் வேண்டும், காரணத்தை எழுதி மறுக்க வேண்டும்.

நிஜமாகத் தூக்கம் கெடுப்பது முதல் வகைதான். உத்தரவு சட்டப்படி சரி, செய்யவும் வேண்டும், ஆனால் செய்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். ஆக்கிரமிப்பு அகற்றம் இப்படிப்பட்ட வேலை. ஏரிக்கரையில் முப்பது நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள். மின் இணைப்பு உண்டு, ரேஷன் அட்டை உண்டு, வாக்காளர் அடையாள அட்டை உண்டு. எல்லாம் அரசு கொடுத்ததுதான். இப்போது அதே அரசு வந்து, நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்கிறது. மறுபக்கம், ஏரி சுருங்கினால் ஊரே வெள்ளத்தில் மூழ்கும் என்பதை 2015 டிசம்பரில் சென்னை பார்த்தது. நீதிமன்ற உத்தரவும் கையில் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, அப்புறம் 6-ஆம் பிரிவின் கீழ் வெளியேற்ற வேண்டும். இதில் அதிகாரி என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். 7-ஆம் பிரிவு அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டு வருவதற்கும், கையில் கொடுத்து என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! விளக்கம் என்று எழுதித் தருவதைப் படித்துப் பார்த்தாலே, உண்மையில் நத்தத்தில் இருப்பவரை அளவைப் பிழையால் ஏரிக்குள் சேர்த்திருப்பது சில நேரம் தெரியவரும். யாரை முதலில் அகற்றுவது என்பது அதிகாரி கையில் இருக்கிறது. ஏரிக்குள் மதில் எழுப்பி வணிகம் நடத்துகிறவரை விட்டுவிட்டு ஓலைக் குடிசையில் ஆரம்பித்தால், அது நீதிமன்றம் சொன்னது கிடையாது, நீங்கள் எடுத்த முடிவு. மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டை இடிக்க வேண்டாம், தேர்வு முடியட்டும் என்று நீதிமன்றத்திடமே அவகாசம் கேட்டு மனுச் செய்யலாம். மாற்று இடம் தயாரான தேதிக்குப் பிறகுதான் அகற்றம் என்று கால அட்டவணையைக் கோப்பில் போடலாம். 2022 மே மாதம் சென்னை ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பின்னாலும் உச்ச நீதிமன்ற உத்தரவு இருந்தது. உத்தரவு இருக்கிறது என்பது ஒரு அதிகாரி யோசிக்க வேண்டிய முதல் விஷயம், அதோடு யோசனை முடிந்துவிடக் கூடாது.

விதியா மனசா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 60 வயது நிரம்பியவர்களுக்கான முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1962 முதல் இருக்கிற திட்டம். 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். ஒரு மூதாட்டி வருகிறார். பார்த்தாலே எழுபது இருக்கும். ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருஷத்தின்படி 57. பள்ளிக்கூடம் போனதில்லை, பிறப்புச் சான்று கிடையாது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பலர் 'மனிதாபிமான அடிப்படையில் விதியைத் தளர்த்தி வழங்குவேன்' என்று எழுதுகிறார்கள். விதியைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரமே கிடையாது. ஆனால் தளர்த்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது. வயதுக்கு ஆவணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெறும் வழி நடைமுறையில் உண்டு. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் கிராம உதவியாளரைத் துணைக்கு அனுப்பலாம். ஆதாரைத் திருத்த முகாம் நடக்கும் நாளைச் சொல்லி அனுப்பலாம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் "57 தான் போட்டிருக்கு, அடுத்து வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவர் விதியைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்கிறார். அவர் விதியைப் பாதிதான் படித்திருக்கிறார். நான் பார்த்தவரை, விதிக்கும் பரிவுக்கும் மோதல் என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி அரைகுறையாகப் படித்ததால் வந்த மோதல்கள்தான்.

ஆனால் எல்லாம் இப்படித் தீராது. அதே மூதாட்டிக்கு உண்மையிலேயே 57 என்றால்? கணவர் இல்லை, பிள்ளை கவனிக்கவில்லை, பசி உண்மை. அப்போது 60 என்று பொய்யாக எழுதிக் கொடுப்பது பரிவாகத் தோன்றும். இங்கே நான் கறாராகவே சொல்வேன்: எழுதக் கூடாது. காரணம் இருக்கிறது. உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. உங்கள் முன்னால் நிற்கிறவர் அழுகிறார், கண்ணுக்குத் தெரிகிறார். அவரை உள்ளே நுழைத்ததால் பின்னுக்குப் போகிற 68 வயதுக்காரர் உங்கள் கண்ணில் படமாட்டார். இன்னொன்று, ஒருமுறை பரிவுக்காக வயதைத் திருத்தியவரிடம், அடுத்த முறை பரிந்துரைக் கடிதத்தோடு வருபவர் அதே திருத்தத்தைக் கேட்பார். முதல் திருத்தம் நல்ல நோக்கத்தில் நடந்தது என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது. இந்த மூதாட்டிக்கு வேறு கதவு திறக்குமா என்று பார்க்க வேண்டும். ஆதரவற்ற விதவை உதவித்தொகை என்று தனித் திட்டம் உண்டு, அதற்கு வயது வரம்பு வேறு. பராமரிக்காத பிள்ளை மீது பராமரிப்புக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மூத்த குடிமக்களோடு பெற்றோருக்கும் வழி தருகிறது. பெற்றோர் என்றால் 60 நிரம்பியிருக்க வேண்டியதில்லை. பரிவு என்பது இத்தனை திட்டங்களையும் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது.

நடுநிலை பற்றி ஒரு வார்த்தை. இதைப் பலர் 'யார் பக்கமும் சாயாமல் சும்மா இருப்பது' என்று புரிந்துகொள்கிறார்கள். கட்சி விஷயத்தில் அது சரி. தேர்தல் அறிவித்தவுடன் தேர்தல் பணியில் உள்ள அலுவலர்கள் தேர்தல் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது, அங்கே கோடு தெளிவு. ஆனால் ஊரில் ஒரு தெரு காலங்காலமாக மிதிக்கப்பட்டுக் கிடக்கும்போது, எல்லாரையும் சமமாக நடத்துகிறேன் என்று அந்தத் தெருவுக்கே போகாமல் இருப்பது மிதிக்கிறவர் பக்கம் நிற்பதுதான். ஆந்திரப் பிரதேசப் பிரிவில் 1956-இல் ஐஏஎஸ் ஆன பி.எஸ். கிருஷ்ணன், முகாம் போகும்போது ஊருக்குள் பெரிய வீட்டில் தங்காமல் தலித் குடியிருப்பில் முகாமிட்டு, அங்கேயே மக்களைச் சந்தித்து, நிலப்பட்டா வழங்கினார். அதற்காக அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் குறை எழுதினார்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மீது அளவு கடந்த சார்பு, கிராம அதிகாரிகள் பேச்சைவிடக் கிராமத்து மக்கள் பேச்சை நம்புகிறார், சாதி மறுப்புத் திருமணத்தை ஆதரிக்கிறார் என்பவை அந்தக் குறைகள்! பிறகு மத்திய அரசில் செயலாளராகி, மண்டல் குழுப் பரிந்துரை அமலானதிலும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உருவானதிலும் பெரும் பங்காற்றினார். 2014-இல் நடத்தை விதிகளைத் திருத்தியபோது அரசியல் நடுநிலை என்பதோடு, மக்களுக்கு, குறிப்பாக நலிந்த பிரிவினருக்கு, செவிசாய்ப்பது என்பதையும் கடமையாகச் சேர்த்தார்கள். ஒருவருக்குக் குறையாக எழுதப்பட்டது ஐம்பது அறுபது வருஷம் கழித்து எல்லாருக்கும் கடமையாக வந்தது. அந்தத் திருத்தத்தைப் படிக்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இன்னொரு சிக்கல், வெளியே அதிகம் பேசப்படாதது: பயம். நேர்மையானவரே முடிவெடுக்கப் பயப்படுவது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் பழைய 13-ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு இருந்தது. பொதுநலன் இன்றி யாராவது ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம். அதிகாரி பணம் வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நிலக்கரித் துறையின் முன்னாள் செயலாளர் எச்.சி. குப்தா, சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017-இல் தண்டிக்கப்பட்டபோது, அவர் நேர்மையானவர் என்று சக அதிகாரிகள் பலர் வெளிப்படையாக ஆதரித்தார்கள். 2018-இல் அந்த உட்பிரிவு நீக்கப்பட்டது. பணியில் எடுத்த முடிவுகள் பற்றி விசாரிக்க முன் அனுமதி தேவை என்று 17ஏ சேர்க்கப்பட்டது. அது ஊழல்வாதிகளுக்கும் கேடயம் ஆகிவிடும் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் பயத்தின் விளைவும் கண்கூடு. கோப்பைத் தள்ளிவிடுவது, தேவையில்லாமல் சட்டக் கருத்துரை கேட்பது, தணிக்கை வந்தால் என்ன சொல்வார்களோ என்று ஒப்புதலை அடுத்தவர் தலையில் கட்டுவது. முடிவெடுக்காதவர் மீது, தமிழ்நாட்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17பி-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருவது அபூர்வம். முடிவெடுத்தவர் மீதுதான் வரும். எடுக்காத முடிவால் ஒரு பெண்ணுக்குக் கல்லூரிச் சேர்க்கைக்குள் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் போனால், அது எந்தத் தணிக்கைப் பத்தியிலும் வராது.

இதற்கும் குறிப்புத் தாள்தான் மருந்து என்பேன். விருப்புரிமையைப் பயன்படுத்தும்போது, அந்த நாளில் உங்கள் முன் இருந்த விவரங்கள் என்ன, வேறு என்னென்ன வழிகளை யோசித்தீர்கள், இதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து விசாரணை அதிகாரி அதைப் படிக்கும்போது, முடிவு தவறாகப் போயிருந்தாலும் நோக்கம் தெரியும். 'ஆணை பிறப்பிக்கலாம்' என்று ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டவருக்குப் பேச எதுவும் இருக்காது. 2006-இல் மத்திய அரசு, கோப்புக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவரப் பார்த்தது, எதிர்ப்பால் கைவிட்டது. குறிப்பு வெளியே போனால் அதிகாரிகள் மனம் திறந்து எழுத மாட்டார்கள் என்பது அப்போது சொன்ன வாதம். என் அனுபவம் நேர்மாறு. மனுதாரரே ஒருநாள் இதைப் படிப்பார் என்று தெரிந்தவர்கள் கவனமாக எழுத ஆரம்பித்தார்கள்.

உள்ளே எழுதியும் பயனில்லாதபோது வெளியே சொல்வதா? இதை லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு துறைக்குள் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று சிபிஐ முடிவுக்கு வந்து, 2010-இல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்கான காரணம் எதுவானாலும், அவர் நம்பிக் கேட்ட ரகசியத்தை அரசு காப்பாற்றவில்லை என்பது மாறாது. அதன் பிறகு 2004-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் செய்ய ஒரு தீர்மானம் வந்தது. 2014-இல் புகார் செய்பவர்களைப் பாதுகாக்கச் சட்டமும் நிறைவேறியது. நிறைவேறிப் பத்தாண்டு கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே இந்த நிலைக்கு வரும் இளைஞரிடம் 'தைரியமாகப் போய்ச் சொல்' என்று மட்டும் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. சட்டப்படி புகார் பெறும் அமைப்பிடம் போங்கள், ஆவணமில்லாத எதையும் சொல்லாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். கூட நிற்கும் சங்கமோ, மூத்த அதிகாரி ஒருவரோ, வழக்கறிஞரோ இருக்கட்டும்.

விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 311 வேலையைக் காக்கும், இடத்தைக் காக்காது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது எந்த விசாரணையும் தேவைப்படாத தண்டனை. ஹரியானாவின் அசோக் கெம்கா பணிக்காலத்தில் ஐம்பது தடவைக்கு மேல் மாற்றப்பட்டார். அவருக்காவது ஐஏஎஸ் என்ற பாதுகாப்பு உண்டு. ஒரு கிராம நிர்வாக அலுவலரோ இளநிலை உதவியாளரோ மறுத்தால் செய்தியாகக் கூட வராது. அதனால் குடும்பத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள், மாற்றத்தைத் தாங்கும் அளவுக்குக் கடனைக் குறைவாக வையுங்கள். கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது கொள்கை பேசுவது கஷ்டம். சலித்துக்கொண்டு சொல்லவில்லை. பல நல்லவர்கள் வளைந்ததை நான் பார்த்தது இந்த இடத்தில்தான்.

தேர்வுக்கு வருவோம். 2013-இல் சேர்க்கப்பட்ட இந்த 250 மதிப்பெண் தாளில், கொடுக்கப்படும் சூழலைப் படித்ததும் விழுமியங்களை அடுக்க ஆரம்பிக்காதீர்கள். யாருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, எந்த விதி பொருந்துகிறது, அந்த விதிக்குள் என்ன இடம் மிச்சம் இருக்கிறது, கோப்பில் என்ன எழுதுவீர்கள், அன்று மாலைக்குள் யாரைப் பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். நேர்மை, பரிவு என்ற சொற்கள் ஒருமுறை கூட வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் கொடுத்த நான்காவது அறிக்கை முழுக்க ஆட்சியில் அறம் பற்றியதுதான், அதை ஒருமுறை நேரடியாகப் படியுங்கள். பிரிட்டனில் நோலன் குழு 1995-இல் பொது வாழ்வுக்கெனச் சொன்ன ஏழு கொள்கைகளை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். பரவாயில்லை, ஒரு பக்கம்தான்.

தேர்வாகிப் பயிற்சிக்குப் போனபின் ஒன்று செய்யுங்கள். மாவட்டப் பயிற்சியில் ஆட்சியர் அலுவலகப் பதிவறைக்குப் போய், முடிந்த கோப்புகளில் நிரந்தரமாக வைக்கப்படும் நி.மு. கோப்பு சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது நிலத் தகராறு, நில ஒப்படை, ஏலம் என்று இருக்கட்டும். மனுக்களும் கடிதங்களும் இருக்கும் நடப்புக் கோப்பை மூடி வைத்துவிட்டுக் குறிப்புக் கோப்பை மட்டும் முதல் தாளிலிருந்து படியுங்கள். எழுத்தர் என்ன எழுதினார், யார் அதை மாற்றினார், எந்த இடத்தில் 'பேசவும்' வந்தது, அதற்குப் பிறகு குறிப்பின் தொனி எப்படி மாறியது என்று பாருங்கள். தாள் எண் எங்காவது விட்டுப்போயிருந்தால் அங்கே நின்று, ஏன் என்று பதிவறை எழுத்தரிடம் கேளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.